மாநாட்டுக்குப் போகும் நூலகர் எடுத்துச் செல்ல வேண்டிய பென்டிரைவ்

ஆகஸ்ட் 12, இந்திய நூலகவியலின் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்த நாள், தேசிய நூலகர் தினம். அன்று தொடங்கும் கருத்தரங்க சீசன் மார்ச் வரை ஓயாது. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரக் கல்லூரி நூலகர்களின் வாட்ஸ்அப் குழுவில் கல்யாணப் பத்திரிகைகளைவிட கருத்தரங்க அழைப்பிதழ்கள்தான் அதிகம் வரும். தலைப்பு காலத்துக்கேற்ப மாறும். முன்பு கணினி யுகத்தில் நூலகங்கள், பிறகு இணைய யுகத்தில், அப்புறம் டிஜிட்டல் யுகத்தில், இப்போது செயற்கை நுண்ணறிவு யுகத்தில். யுகம் மாறுகிற வேகத்துக்கு எங்கள் அலமாரிகள் மாறுவதில்லை என்பது வேறு விஷயம்.

எதற்குப் போகிறோம்? பதவி உயர்வு விண்ணப்பத்தில் கருத்தரங்குக்கும் பயிற்சிக்கும் இடம் உண்டு. ஓ.டி. (பணிநாளாகக் கணக்கிடும் அனுமதி) கிடைக்கும். ஐ.எஸ்.பி.என். போட்ட தொகுப்பில் நம் கட்டுரை ஒன்று அச்சாகும். இதையெல்லாம் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. எல்லாத் துறையிலும் நடப்பதுதான். ஆனால் அதோடு திரும்பிவிட்டால் பதிவுக் கட்டணம் துணிப்பைக்கும் சான்றிதழுக்கும் கொடுத்த விலையாகிவிடும்.

இந்தியாவில் நூலகர் கூட்டங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னை நூலகச் சங்கம் 1928இல் தொடங்கியது. ரங்கநாதனின் ஐந்து விதிகள் நூலை 1931இல் வெளியிட்டதும் அந்தச் சங்கம்தான். இந்திய நூலகச் சங்கம் 1933இலும், சிறப்பு நூலகங்களுக்கான இயாஸ்லிக் 1955இலும் வந்தன. பல்கலைக்கழக நூலகங்களைக் கணினிமயமாக்க யுஜிசி ஏற்படுத்திய இன்ஃப்லிப்நெட், 'காலிபர்' என்ற மாநாட்டை 1990களிலிருந்து நடத்துகிறது. எங்கள் பக்கத்தில் அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே நூலகத் துறை இருப்பதால், சில கூட்டங்களுக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸில் விடியற்காலையில் ஏற வேண்டிய அவசியமும் இருப்பதில்லை.

நடைமுறை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். குத்துவிளக்கு, வரவேற்புரை, மையவுரை, அப்புறம் இணை அமர்வுகள். ஒரு கட்டுரைக்குப் பத்து நிமிடம் என்று போட்டிருப்பார்கள், தொடக்க விழா நீண்டுவிட்டதால் அது ஐந்தாகும். வாசிக்கப்படும் கட்டுரைகளில் பாதி, 'இன்ன கல்லூரி மாணவர்களிடையே மின்வளங்கள் குறித்த விழிப்புணர்வும் பயன்பாடும்' வகை. கல்லூரிப் பெயரை மாற்றிவிட்டால் அட்டவணையும் முடிவும் அப்படியே பொருந்தும். உண்மையில் பயன் தருபவை மூன்று இடங்கள். மாநாட்டுக்கு முந்தைய நாள் நடக்கும் செய்முறைப் பயிலரங்கு, மென்பொருள் நிறுவனங்களின் ஸ்டால்கள், டீ இடைவேளை. இந்த மூன்றிலும் நாம் கையில் எதைக் கொண்டுபோகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எதைக் கொண்டுவருவோம் என்பது. நம் நூலகப் பட்டியலிலேயே மிக மோசமான, சிக்கலான இருபது முப்பது பதிவுகளை ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துப் போக வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

நூலகத் தொழில்நுட்பம் மாறுகிறது என்றால் நடைமுறையில் என்ன பொருள்? புத்தகம் அதே அலமாரியில் இருக்கும். அதைப் பற்றிய பதிவு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் குடிபெயரும். முதலில் அட்டைப் பட்டியல். அப்புறம் யுனெஸ்கோ இலவசமாகக் கொடுத்த சி.டி.எஸ்./ஐசிஸ் என்ற மென்பொருள், 1985இல் அதன் சிறுகணினிப் பதிப்பு வந்தபின் இந்திய நூலகங்களில் பரவியது. 2000இல் இன்ஃப்லிப்நெட்டின் 'சோல்' மென்பொருள், அதன் இரண்டாம் பதிப்பு 2009இல், மூன்றாவது 2021இல். இதற்கிடையே நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற இடத்து நூலக அறக்கட்டளை, தங்கள் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டுச் சிக்கலை (ஆண்டை இரண்டே இலக்கத்தில் வைத்ததால் வந்த குழப்பம்) தாண்டாது என்று தெரிந்து புதிதாக எழுதச் சொன்ன மென்பொருள்தான் கோஹா. 2000 ஜனவரி முதல் வாரத்தில் அங்கே ஓடத் தொடங்கியது. திறமூலம், அதாவது நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதால் இன்று நம் ஊர்க் கல்லூரிகள் வரை வந்திருக்கிறது.

ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் சாமான்கள் உடையும். ஆங்கிலப் பதிவுகள் அவ்வளவாக உடைவதில்லை. அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியட் அவ்ரம் 1960களில் வடிவமைத்த 'மார்க்' என்ற பதிவு வடிவம் இன்றும் உயிரோடு இருக்கிறது. எந்த மென்பொருளும் அதைப் படிக்கும். உடைவது தமிழ்.

காரணம் எளிது. ஐசிஸ் காலத்தில் பல நூலகங்களில் தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் அடித்தார்கள். செட்டியார் என்பதை நான்கு விதமாக எழுதலாம். நான்கும் ஒரே நூலகத்தில் இருக்கும். அடுத்து எழுத்துருக்கள் வந்தன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு அரசு டாம், டாப் என்ற குறியேற்றங்களை (கணினிக்குள் எழுத்துக்கு எண் தரும் முறைகளை) தரப்படுத்தியது. ஆனாலும் டிடிபி சென்டர்களில் பாமினி போன்ற எழுத்துருக்களின் ஆட்சிதான். பாமினியில் திரையில் தெரிவது தமிழ். கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்ற சொல்லே உள்ளே ஜே, கே, பி, ஓ, பின்னால் ஓர் அரைப்புள்ளி என்றுதான் கிடக்கும். எழுத்துரு இல்லாத கணினிக்கு அந்தக் கோப்பை மாற்றினால் அலமாரி முழுக்க அரைப்புள்ளிகள். உலகப் பொதுக் குறியேற்றமான யூனிகோடையும், தமிழுக்கென வடிவமைத்த டேஸ்-16ஐயும் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் அடித்து வைத்த பதிவுகள் அந்த அரசாணையைப் படித்துத் தாமாகத் திருந்திவிடவில்லை.

எங்கள் வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் நடந்தது இது. ஒரு சிறு நிறுவனத்தின் மென்பொருளை வாங்கினார்கள். பல ஆண்டுகள் வேலை செய்தது. நிறுவனம் மூடப்பட்டது. கணினி பழுதானபோது உள்ளேயிருந்த தரவை வெளியே எடுக்க ஆள் தேட வேண்டியிருந்தது. எடுத்துக் கொடுத்தார்கள். ஆங்கில நூல்கள் வந்துசேர்ந்தன. தமிழ் நூல்களின் இடத்தில் மேலே சொன்ன அரைப்புள்ளிக் காடு. எந்த எழுத்துருவில் அடித்தார்கள் என்று சொல்லத் தெரிந்த அலுவலர் ஓய்வுபெற்றுப் போயிருந்தார். கடைசியில் காப்பாற்றியது பச்சை அட்டை போட்ட சேர்க்கைப் பதிவேடு. அதைப் பார்த்துத்தான் மறுபடி அடித்தார்கள்.

யூனிகோடு வந்துவிட்டதே, இனி என்ன என்று கேட்கலாம். இனிமேல்தான் நுணுக்கமான தொல்லை. கோட்டையூர் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் எழுத்தில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம். இரட்டைச் சுழியையும் துணைக்காலையும் தனித்தனியாக அடித்து இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோடு விதியும் இரண்டையும் சமமாகக் கொள்ளச் சொல்கிறது. ஆனால் அப்படிச் சமப்படுத்தும் வேலையை மென்பொருள் செய்ய வேண்டும். செய்யாவிட்டால், ஒரு முறையில் சேமித்த கோட்டையூர், மறுமுறையில் தேடுகிறவருக்குக் கிடைக்காது. ஔகாரம் இன்னும் மோசம். அதன் வலப்பக்கக் குறிக்குப் பதிலாக 'ள' எழுத்தையே அடித்துவிடுகிறோம். இதைச் சமப்படுத்த எந்த விதியும் இல்லை. மனிதர்தான் திருத்த வேண்டும். கௌரவம், பௌத்தம், மௌனம் என்று தொடங்கும் தலைப்புகளை உங்கள் பட்டியலில் இரண்டு விதமாகவும் தேடிப் பாருங்கள், புதிதாகப் புத்தகங்கள் கிடைக்கும்.

அகரவரிசையும் அப்படித்தான். யூனிகோடு அட்டவணையில் றன்னகரம் தந்நகரத்துக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. நம் நெடுங்கணக்கில் அது கடைசி. குறியெண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் மென்பொருளில் 'மனம்' முன்னால் வரும், 'மயில்' பின்னால் போகும். தமிழ் அகராதி பார்த்து வளர்ந்தவர்கள் மயிலைத் தேடுவது வேறு இடத்தில். தமிழுக்கான வரிசை விதிகள் உலகத் தர நிரல்களில் இருக்கின்றன. கோஹாவிலும் ஐசியு என்ற நிரல் தொகுப்பைப் பயன்படுத்தும்படி அட்டவணையாக்கத்தை அமைக்கலாம். அமைக்கிறார்களா என்பதுதான் கேள்வி. நிறுவிக் கொடுப்பவர் ஆங்கிலத்துக்கான அமைப்பிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார். நாமும் 'தேடினால் வருது' என்று திருப்தியாகிவிடுவோம்.

செட்டிநாட்டில் இன்னொன்றும் உண்டு. பெயர்கள். நகரத்தார் பெயர்களுக்கு முன்னால் விலாசம், அதாவது தலைப்பெழுத்து, வரும்: ராம. அழகப்பச் செட்டியார், ராய. சொக்கலிங்கம், சா. கணேசன், வை. கோவிந்தன். சிலருக்கு ஓரெழுத்து, சிலருக்கு மூன்று நான்கு. தாத்தா பெயர் பேரனுக்கு வரும் வழக்கம் இருப்பதால், ஒரே வீட்டில் ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை திரும்பும். அவர்களைப் பிரித்துக் காட்டுவது விலாசமும் ஊரும் மட்டுமே. இதை முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டே பெட்டி வைத்திருக்கும் மென்பொருளில் அடித்தால், 'செட்டியார்' என்பதே குடும்பப்பெயராகி, நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் ஒரே தலைப்பின் கீழ் வந்து குவிவார்கள். பட்டங்களோ அதைவிடச் சிக்கல். பண்டிதமணி என்றால் இங்கே மகிபாலன்பட்டி மு. கதிரேசச் செட்டியார். யாழ்ப்பாணத்தில் கேட்டால் சி. கணபதிப்பிள்ளை. பட்டியலில் 'பண்டிதமணி' என்று மட்டும் அடித்தால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள். இதற்குப் பெயர்த் தரக் கோப்பு வேண்டும். ஒருவருக்கு ஒரே ஏற்கப்பட்ட வடிவம், மற்ற வடிவங்களிலிருந்து அதற்கு வழிகாட்டல். ரங்கநாதன் 1934இலேயே தன் பட்டியலாக்க விதிநூலை வெளியிட்டவர். இந்தியப் பெயர்களை மேல்நாட்டுப் பெட்டிக்குள் திணிக்க முடியாது என்பது அவர் தலைமுறைக்குத் தெரிந்த சங்கதி. 2000க்குப் பிறகு வந்த நமக்குத்தான் அது மறந்துபோயிற்று.

இந்த வட்டாரத்துக்கு இதெல்லாம் ஏட்டுச் சிக்கல் இல்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார், விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர், பல பத்தாண்டுகளாகச் சேர்த்தவை ஏறத்தாழ ஒரு லட்சம். புத்தகம், பத்திரிகை மட்டுமல்ல. நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், கடிதம் எல்லாம். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. வாங்கியவர்கள் கப்பலில் ஏற்றவில்லை. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அது உருவெடுத்தது. அங்கே தொடக்கத்தில் நடந்த பெரிய வேலைகள் பட்டியலாக்கமும் மைக்ரோஃபிலிம் எடுப்பதும்; டிஜிட்டல் பின்னால் வந்தது. மைக்ரோஃபிலிமைப் படிக்க ஒரு விளக்கும் ஒரு லென்சும் போதும், எந்த நிறுவனத்தின் உரிமமும் வேண்டாம். முறையாக வைத்தால் நூற்றாண்டுகள் தாங்கும் என்பது அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் சொல்லும் காரணம். பழைய தொழில்நுட்பம் என்று ஸ்டால்காரர்கள் சிரிக்கலாம். அவர்கள் விற்கும் மென்பொருளுக்கு அவ்வளவு உத்தரவாதம் எழுதித் தரமாட்டார்கள்.

கோட்டையூர் மாதிரி வீடுகள் இன்னும் இருக்கின்றன. பூட்டிக் கிடக்கும் வளவுக்குள் பெட்டகத்தில் கணக்கேடுகளும், பர்மாவிலிருந்து வந்த கடிதங்களும், கல்யாணத்தின்போது எழுதிய இசைகுடிமானங்களும், மொய்ப்பண ஏடுகளும் கிடக்கும். வீட்டுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'ஸ்கேன் பண்ணிட்டா போதுமா?' என்பது. ஸ்கேன் செய்யலாம். கோப்புக்கு யாரும் பெயர் வைக்காமல் விட்டால் கேமரா போட்ட எண்ணே அதன் பெயராக நிற்கும். இன்னும் பத்து வருடம் கழித்து அது யார் வீட்டு ஏடு என்று அந்த வீட்டாருக்கே தெரியாது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிய அமர்வுகளில் இப்போது உட்கார இடம் கிடைப்பதில்லை. நூலகருக்கு அதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, எழுத்துணரி. பழைய அச்சுப் பக்கத்தைப் படம் பிடித்தால் அதைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் தொழில்நுட்பம் தமிழுக்கும் நன்றாகவே முன்னேறியிருக்கிறது. ஆனால் எம்.ஜி.ஆர். அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பிக்கும் முன் அச்சான நூல்களில் ணா, றா, னா ஆகியவையும், ணை, லை, ளை, னை ஆகியவையும் வேறு வடிவில் இருக்கும். புது எழுத்தில் பழகிய எழுத்துணரிக்கு அவை தெரியாவிட்டால், வாய்க்கு வந்ததைச் சொல்லும் சோம்பேறி மாணவன் போலத் தெரிந்த எழுத்து ஏதாவது ஒன்றைப் போட்டுவிடும். எங்கள் ஊர் வீட்டு நூலகங்களில் இருப்பவை பெரும்பாலும் 1978க்கு முந்தியவை. எனவே நிறுவனத்தார் காட்டும் மாதிரிப் பக்கத்தை நம்பாமல், நம் பக்கத்தைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது, மேசைக்கு வரும் மேற்கோள் பட்டியல். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து நூலகர்கள் பார்க்கிற காட்சி இது. ஆய்வு மாணவர் ஒருவர் பத்துக் கட்டுரைகளின் விவரத்தோடு வந்து, எங்கேயும் கிடைக்கவில்லை என்பார். ஆசிரியர் பெயர் உண்மை, பத்திரிகை உண்மை, ஆண்டும் பொருத்தமாக இருக்கும். கட்டுரை மட்டும் யாரும் எழுதாதது. இந்த மென்பொருள்கள் அடிப்படையில் தரவுத்தளத்தில் தேடிப் பதில் சொல்பவை அல்ல. ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கோப்பவை. மேற்கோள் எப்படி இருக்கும் என்பது அவற்றுக்கு நன்றாகத் தெரியும், அந்த மேற்கோள் இருக்கிறதா என்பது தெரியாது. இணையத்தில் தேடி எழுதும் வசதி பிறகு சேர்ந்திருக்கிறது, அப்போதும் சரிபார்ப்பு மிச்சம் இருக்கிறது. பத்திரிகையின் பொருளடக்கத்தையும் 'சோத்கங்கா' ஆய்வேட்டுக் களஞ்சியத்தையும் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்வது நூலகரின் வேலையாகிவிட்டது. இதைப் பற்றி எந்த அமர்வில் பேசினாலும் போய் உட்காரலாம்.

'ஒரே நாடு ஒரே சந்தா' பற்றியும் எல்லா மாநாட்டிலும் ஒரு மையவுரை உண்டு. ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும், மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்த திட்டம், மூன்றாண்டுக்கு ரூ.6,000 கோடி, 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 ஆய்விதழ்கள். மத்திய, மாநில அரசு நிர்வாகத்தில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வுக்கூடங்களுக்கும் உரியது. அழகப்பா பல்கலைக்கழகமும், காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியும் அந்த வரையறைக்குள் வரும். அதே சாலையில் இருக்கும் சுயநிதிக் கல்லூரி மாணவருக்கு முதல் கட்டத்தில் இடமில்லை. மாநாட்டில் இதைக் கேட்டால், அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்பார்கள்.

பென்டிரைவுக்கு வருகிறேன். அதில் நான் போட்டு வைத்திருப்பவை: ஓகாரம் இரு விதமாக அடிபட்ட கோட்டையூர்ப் பதிவுகள், மனமும் மயிலும், விலாசம் நான்கெழுத்து உள்ள ஆசிரியர் ஒருவர், இரண்டு பண்டிதமணிகள், பாமினியில் மாட்டிக்கொண்ட சில வரிகள், 1978க்கு முந்திய அச்சுப் பக்கம் ஒன்றின் படம். ஒரு மாநாட்டு ஸ்டாலில் நடந்த பேச்சு இது.

"தமிழ் சப்போர்ட் இருக்கா தம்பி?"

"யூனிகோடு ஃபுல்லா இருக்கு மேடம். தமிழ்லயே சர்ச் பண்ணலாம்."

"எங்க ரெக்கார்ட உள்ள ஏத்திக் காட்டுறீங்களா?"

"டெமோ டேட்டா இருக்கே மேடம், அதுல பாருங்களேன்."

"அது உங்க டேட்டா தம்பி. இதப் போடுங்க."

போட்டார். மனம் முன்னால் வந்தது, மயில் பின்னால் போனது. கோட்டையூரில் பாதி காணோம். அவர் முகம் கொஞ்சம் மாறியது; பிறகு, டெவலப்பர் டீமுக்கு அனுப்புகிறேன் என்று கோப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கோபப்பட அதில் ஒன்றுமில்லை. அதுவரை யாரும் அவரிடம் அப்படிப் பதிவைக் கொடுத்துக் கேட்டதில்லை என்று அவரே சொன்னார்.

அடுத்த கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்கலாம், ஆனால் கேட்காமல் வரக்கூடாது: "நாளைக்கு உங்களை விட்டுப் போறோம்னா, எங்க டேட்டாவ எந்த வடிவத்துல தருவீங்க?" மார்க் வடிவில், யூனிகோடில், கூடுதல் கட்டணம் இல்லாமல் என்றால் பேச்சைத் தொடரலாம். 'எல்லாம் கிளவுடுல பத்திரமா இருக்கு மேடம்' என்பது பதில் அல்ல. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இதற்கென ஒரு வரி எழுதி வாங்க வேண்டும். நிர்வாகத்துக்குத் தொழில்நுட்பம் புரியாவிட்டாலும் ஒப்பந்தத்தில் உள்ள வரி புரியும்; செட்டிநாட்டில் பத்திரம் படிக்கத் தெரியாத நிர்வாகத்தை நான் பார்த்ததில்லை.

இவ்வளவும் போக முடிந்தவர்களுக்கு. கிளை நூலகத்திலும் ஊர்ப்புற நூலகத்திலும் பெரும்பாலும் ஒருவர்தான் எல்லாமும். அவர் மாநாட்டுக்குப் போனால் நூலகத்துக்குப் பூட்டு. வீட்டு வரியோடு நாம் கட்டும் நூலக வரி, ரூபாய்க்குப் பத்துக் காசு, அவர் பயிற்சிக்கும் ஏதோ ஒரு கணக்கில் உதவ வேண்டியது. ஆனால் மாநாட்டு அழைப்பிதழ் அவர் வாட்ஸ்அப்புக்கு வருவதே அரிது. அவர் மேசையில்தான் நாட்டரசன்கோட்டைத் தலவரலாறும், கானாடுகாத்தான் குடும்ப மலரும், வேறெங்கும் கிடைக்காத கும்பாபிஷேக மலர்களும் இருக்கின்றன. கல்லூரி நூலகர்கள் காரைக்குடியில் மாதத்துக்கொரு சனிக்கிழமை மாலை அவர்களையும் சேர்த்து உட்கார்ந்து, பெயர்த் தரக் கோப்பு ஒன்றைப் பொதுவில் தொடங்கினால் பதிவுக் கட்டணம் தேவைப்படாது. விலாசம், ஊர், பட்டம், மாற்று வடிவங்கள் என்று ஒரு எக்செல் தாளில் நான்கு பத்தி போதும். 'குமரன்' இதழ் நடத்திய 'சொ. முருகப்பா'விலிருந்து ஆரம்பிக்கலாம். அவரைச் செட்டியார் என்று போடும் பட்டியலும் இருக்கிறது, போடாத பட்டியலும் இருக்கிறது.